சம்பந்தியம்மாவின் பதில் பாட்டு

கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ பெங்களூரிலிருந்து போன் செய்து மண்டபம், பத்திரிகை, சமையல்காரர் என்று எல்லாவற்றையும் பேசி முடித்தாய். வைக்கப் போகிற நேரத்தில் மெதுவாக ஒன்று சொன்னாய். "அப்பா, கல்யாணத்துல அந்த ஏசல் பாட்டு மட்டும் வேண்டாமுங்கப்பா. நித்யா ஊட்டுல தப்பா எடுத்துக்குவாங்க." நான் "சரி" என்றேன். என் வாயிலிருந்து ஒற்றைச் சொல்லில் பதில் வந்தால் அது சம்மதம் இல்லை என்பது இருபத்தாறு வருடமாக உன் அம்மாவுக்குத் தெரியும். "மனசுல இருக்கறத எழுதிப் போடுங்க. எழுதறப்பவாச்சும் ஆரு பேச்சுக்கும் குறுக்க போக மாட்டீங்க" என்று ஒரு கட்டுத் தாளை என் முன்னால் வைத்துவிட்டு அவள் பாட்டுக்குக் கடைக்குப் போய்விட்டாள். அதனால்தான் இந்தக் கடிதம். நீளமாக இருக்கும். காப்பி வைத்துக்கொண்டு உட்கார்.

இதை நித்யாவுக்கும் காட்டு. அவள் திருநெல்வேலிப் பெண். உன் அப்பா கேசட் போடுகிறவர் என்று தெரியும், என்ன கேசட் என்று தெரியாது. நம் பக்கத்தில் கல்யாண விருந்து முடிந்ததும் பெண் வீட்டுப் பெண்கள் ஒரு பக்கம், மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஒரு பக்கம் எதிரெதிரே ஜமுக்காளத்தில் உட்காருவார்கள். ஒரு பக்கம் கைதட்டிக்கொண்டு மற்ற பக்கத்தைக் கேலி செய்து பாடும். சம்பந்தியின் சமையல், நடை, நகை, மூக்கு, எதுவும் தப்பாது. அதே மெட்டில் மற்ற பக்கம் உடனே திருப்பிக் கொடுக்க வேண்டும். வயிறு வலிக்கச் சிரித்து முடித்த பிறகு ஒருவருக்கொருவர் வெற்றிலை மடித்துக் கொடுத்துக்கொண்டு எழுந்து போவார்கள். அவ்வளவுதான் ஏசல். இப்படிச் சொன்னால் சாதாரணமாகத்தான் இருக்கிறது. இதை வைத்து நான் ஒரு வீட்டையே இரண்டாக்கப் பார்த்தேன் என்பதை உனக்கு நான் முழுதாகச் சொன்னதில்லை. அப்போது நீ பதினொன்றாவது படித்துக்கொண்டிருந்தாய். பாதி உனக்குத் தெரியும். மீதியை நான் மறைத்தேன்.

மில் வேலையை விட்டுவிட்டுக் கல்யாணக் கச்சேரிகளில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தவன் நான். ஒருநாள் பொள்ளாச்சியில் ஒரு கல்யாணம். நாங்கள் மேடையில் மைக்கெல்லாம் கட்டி வாசித்துக்கொண்டிருக்கிறோம், கீழே ஒரு ஆள் இல்லை. எல்லோரும் பந்திக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் கூடியிருந்தார்கள். எங்களைவிட யார் பெரிய கச்சேரிக்காரர் என்று கோபத்தோடு போய்ப் பார்த்தேன். பெண்ணின் அம்மா மயிலாத்தாள் பாடிக்கொண்டிருந்தார். சிமெண்ட் ஆலை இருக்கிற மதுக்கரைக்காரர். மாப்பிள்ளை வீட்டில் கரும்பாலை வைத்து வெல்லம் காய்ச்சுகிறார்கள் என்பதைப் பிடித்துக்கொண்டு வெளுத்து வாங்கினார்.

"மூட்டை மூட்டையா வெல்லம் அடுக்கின
மொதலாளி ஊட்டுச் சம்பந்தியே – காப்பிச்
சட்டியில் இனிப்புப் போடச் சொன்னா – உன்ற
சாவி தொலைஞ்சு போச்சுதோடி?"

கொட்டகை அதிர்ந்தது. அந்தச் சம்பந்தியம்மா ராமாத்தாள் முகத்தில் ஒரு சலனம் இல்லை. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, தொண்டையைக் கனைத்து, திருப்பிக் கொடுத்தார்.

"சிமிட்டி ஊருச் சம்பந்தியம்மா – நீ
சுட்டு அடுக்கின பணியாரம் – கடிச்ச
மாமன் பல்லு ரெண்டக் காணமுன்னு – ஊரே
மண்ணத் தோண்டித் தேடுதம்மா!"

நடுவில் மணப்பெண் பூங்கொடி, அம்மா பக்கம் சிரிப்பதா மாமியார் பக்கம் சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டு பக்கமும் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் மேடைக்குத் திரும்பவே இல்லை. இதைக் கேசட்டாகப் போட்டால் கோயம்புத்தூர் ஜில்லாவே கேட்கும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். அந்த முடிவு சரியானதுதான் கண்ணு. என் வாழ்க்கையில் நான் செய்த நல்ல முடிவுகளில் அது இரண்டாவது. முதலாவது கடைக்குப் போயிருக்கிறாள்.

பீளமேட்டு வீட்டு மாடியை நாம் ஸ்டுடியோ ஆக்கியது உனக்கு ஞாபகம் இருக்கும். சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டி, ஒரு மாதம் வீடே கோழிப்பண்ணை மாதிரி இருந்தது. பக்கத்து மில்லின் சங்கு ஊதினால் எடுத்த பாட்டு வீண், அதனால் ஒரு சங்குக்கும் அடுத்த சங்குக்கும் நடுவில்தான் நம் பதிவெல்லாம். மயிலாத்தாளை வரவழைத்து மைக் முன்னால் நிறுத்தினேன். அவர் மைக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஏனுங்க, இந்தக் குச்சியப் பாத்து எப்படீங்க ஏசறது? ஏசறதுக்கு ஒரு மூஞ்சி வேணுமுங்க" என்றார். வேறு வழியில்லாமல் ராமாத்தாளுக்கும் ஆள் அனுப்பினேன். இரண்டு திசையிலிருந்து இரண்டு பஸ்ஸில் பத்துப் பெண்கள் வந்து இறங்கினார்கள். ஒரு நாள் முழுக்கப் பாடினார்கள். கீழேயிருந்து பணியாரம் போய்க்கொண்டே இருந்தது. உன் அம்மா ஒரு மூலையில் உட்கார்ந்து, கேசட்டோடு விற்கப்போகும் பாட்டுப் புத்தகத்துக்காக ஒவ்வொரு அடியையும் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் நான் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்ததைக்கூட யாரும் சொல்லவில்லை.

இனிமேல்தான் என் திருவிளையாடல். அவர்கள் போன பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மயிலாத்தாள் குரல் தேன். ராமாத்தாள் குரல் மரமில்லில் பலகை அறுப்பது போல இருந்தது. கீபோர்டை வைத்துப் பார்த்தால் சுருதியும் நிற்கவில்லை, ஒவ்வொரு பதிலிலும் கொஞ்சம் மேலே போகிறது. மெட்டோ அதே மெட்டு. கேட்கிறவனுக்குச் சலிக்கும் என்று நானே முடிவுகட்டி, ராமாத்தாள் பாடியதை ஒன்றுவிடாமல் வெட்டினேன். அந்த இடங்களில் என் கீபோர்டு, புல்லாங்குழல், தபேலா. பாட்டுப் புத்தகத்திலும் பதில்களை எடுத்துவிட்டேன். அசல் பதிவு இருந்த ஸ்பூல் டேப்பின் மேலேயே அடுத்த வாரம் ஒரு பஜனைக் குழுவைப் பதிவு செய்துவிட்டேன். கேசட்டுக்கு 'வாங்க சம்பந்தி' என்று பெயர் வைத்து, அட்டையில் மயிலாத்தாள் படத்தைவிட என் படத்தைப் பெரிதாகப் போட்டேன்.

முதல் கேசட்டை வீட்டில் போட்டுக் காட்டியபோது நீதான் கேட்டாய். "அப்பா, எதிர்ப்பக்கம் பாடுனாங்களே, அது எங்கீங்கப்பா?" நான் என்ன சொன்னேன் என்பது எனக்கு ஒரு எழுத்து மாறாமல் ஞாபகம் இருக்கிறது. "உனக்கென்ன தெரியும் மியூசிக்கப் பத்தி? வாய மூடிட்டுப் போய் பிசிக்ஸ் படி." நீ போய்ப் படித்தாய். நன்றாகவே படித்தாய். ஆனால் அன்றிலிருந்து நீ என்னிடம் எதையும் கேட்பதைக் குறைத்துக்கொண்டாய். இன்ஜினியரிங் எடுக்கச் சொன்னேன், "சரீங்கப்பா" என்றாய். பெங்களூர் வேலைக்குப் போகச் சொன்னேன், "சரீங்கப்பா" என்றாய். மகன் சொன்ன பேச்சைக் கேட்கிறான் என்று ஊரெல்லாம் பெருமை பேசினேன். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சும்மா இல்லை.

கேசட் பிய்த்துக்கொண்டு போயிற்று. கல்யாணம் என்றால் மைக் செட்டுக்காரர் முதலில் போடுவது அதுதான். பொள்ளாச்சிச் சந்தையில் மாட்டுக்கு விலை பேசுகிறவர்கள்கூட அந்த மெட்டில் தலையாட்டினார்கள். நான் ஒரு சஃபாரி சூட் தைத்துப் போட்டுக்கொண்டு, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, எங்காவது குழாய் ஸ்பீக்கரில் நம் பாட்டு கேட்கிறதா என்று காது கொடுத்துக்கொண்டே போவேன். அப்படி இருக்கும்போது ஒரு காலையில் மயிலாத்தாள் வாசலில் நின்றார். எப்போதும் வாய் நிறைய வெற்றிலை இருக்கும். அன்றைக்கு இல்லை.

"ஏனுங்க, என்ற சம்பந்தி என்ற புள்ளைகிட்டப் பேசி நாப்பது நாளாச்சுங்க" என்றார். பூங்கொடிக்கு எட்டு மாதம் முடியப் போகிறது. ஒன்பதில் கட்டுச்சோறு. உனக்குத் தெரியும், நித்யாவுக்குச் சொல்: பெண்ணைப் பெற்றவர்கள் விதவிதமாகச் சோறு கட்டிக்கொண்டு போய், மாப்பிள்ளை வீட்டில் எல்லோருக்கும் பரிமாறி, பெண்ணைப் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு அழைத்து வருவது. "அந்த ஊட்டுச் சோறு என்ற வாசப்படி தாண்டக் கூடாதுன்னு சொல்லிப்போட்டாங்க. எங்க கல்யாணத்துக்குப் போனாலும் நம்ம பாட்டுத்தானுங்க போடறாங்க. அதக் கேட்டுப்போட்டு ஊட்டுக்கு வந்தா புள்ள மூஞ்சியில முழிக்கறதில்லையாமா. தலைப்பிரசவமுங்க. என்ற புள்ள எங்கூட்டுக்கு வரோணுமுங்க." மயிலாத்தாள் அழவில்லை. உன் அம்மாதான் அழுதாள். நான் சஃபாரி சூட்டோடு நின்றேன்.

கேலி செய்து பாடியதில் ராமாத்தாளுக்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டு, பழம், பூவோடு மறுநாளே பஸ் ஏறினேன். கரும்பாலையில் கொப்பரை கொதித்துக்கொண்டிருந்தது. "வாங்கோ, உக்காருங்கோ" என்று கட்டிலைக் காட்டினார் ராமாத்தாள். உள்ளே போய்த் தன் கையாலேயே காப்பி கொண்டு வந்தார். ஒரு வாய் வைத்தேன். இனிப்பே இல்லை. சுற்றிலும் பார்த்தால் கூரை உயரத்துக்கு வெல்ல மூட்டை. "இனிப்புப் போதுமுங்களா?" என்று கேட்டார். "போதுமுங்கக்கா" என்று முழுதையும் குடித்தேன். நம் ஊரில் திட்டுவதானாலும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவார்கள். அதுதான் இன்னும் உறைக்கும்.

"அக்கா, அந்தக் கேசட்ட இன்னையோட நிறுத்திப்போடறேனுங்க. உங்கள ஏசுன பாட்டு இனி எங்கயும் கேக்காதுங்க" என்றேன்.

"எதுக்குங்க நிறுத்தோணும்? பாட்டு நல்லாத்தானுங்க இருக்குது" என்றார். "ஏசறதுக்குக் கோவிச்சுக்க நா என்ன கூறு இல்லாதவளுங்களா? என்ற பாட்டு எங்கீங்க?"

நான், டேப்பில் இடம் பத்தவில்லை என்றேன். பச்சைப் பொய்.

"நீங்க பொட்டியத் தட்டறதுக்கு மட்டும் எடம் இருந்துச்சுங்களே" என்றார். "பதிலுக்குப் பதில் பாடுனவ நானு. இன்னைக்கு எட்டூருச் சனமும், ராமாத்தா வாயடைச்சு நின்னுபோட்டான்னு பேசுதுங்க. பதில் இருந்தாத்தான் அது ஏசலுங்க. பதில் இல்லீன்னா அது வெறும் வசவுங்க." சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. மரமில் என்று நான் நினைத்த குரல். என் வயதில் ஒரு பெண்ணை இத்தனை ஊர் முன்னால் ஊமையாக்கியிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது கண்ணு. உங்கள் குரல் என் பெட்டிக்குப் பொருந்தவில்லை என்று நினைத்து நான்தான் வெட்டினேன் என்று உண்மையைச் சொன்னேன். பாட்டைப் பூங்கொடி பாடியதுமில்லை, வெட்டியதுமில்லை, அவளிடம் பேசுங்கள் என்றும் கேட்டுக்கொண்டேன். "என்ற பாட்டு வரட்டும், பாக்கலாமுங்க" என்று கொப்பரைப் பக்கம் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். ஸ்பூலில் பஜனை இருக்கிறது. பதில்கள் காற்றில் போயாயிற்று. உன் அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் எழுந்து போய்த் தன் நோட்டை எடுத்து வந்தாள். பிரித்தால், இடது பக்கம் எல்லாம் மயிலாத்தாள், வலது பக்கம் எல்லாம் ராமாத்தாள். ஒரு அடி விடவில்லை. "இதச் சொல்றதுக்கு உனக்கு வாய் இல்லையா?" என்று எகிறினேன். "சொன்னேனுங்க. மூணு தடவ சொன்னேன். நீங்க ஹெட்போன் மாட்டியிருந்தீங்க" என்றாள். அவள் அதைக் கோபமில்லாமல் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுபடி ஸ்டுடியோவுக்கு வர ராமாத்தாள் ஒப்பவில்லை. வந்தால் வெட்டுவீர்கள் என்றார். தன் ஆலை முற்றத்தில், எதிரே மயிலாத்தாள் உட்கார, பெட்டி இல்லாமல் பதிவு செய்தால் பாடுவேன் என்றார். அதற்கும் சரி என்று ரெக்கார்டரைக் கட்டிக்கொண்டு குடும்பத்தோடு போனோம். மடி நிறைய வெல்லம் தின்றுவிட்டு மறுநாள் நீ ஸ்கூலுக்குப் போகாதது அப்போதுதான். நடுவில் கயிற்றுக் கட்டிலில் பூங்கொடியை உட்காரவைத்தார்கள். கீபோர்டு இல்லாத நான், இரண்டு பக்கத்துக்கும் சரிநடுவில் மைக்கை வைப்பதைத் தவிர வேறு ஒன்றும் செய்யவில்லை. என் தொழிலிலேயே நான் செய்த சிறந்த இசையமைப்பு அதுதான். அன்றைக்குத்தான் இன்னொன்றும் புரிந்தது. ராமாத்தாள் சுருதி விலகவே இல்லை. எதிராளி விட்ட இடத்திலிருந்து ஒரு படி ஏறிப் பிடிக்கிறார். அதைக் கேட்டு மயிலாத்தாள் இன்னொரு படி ஏறுகிறார். இரண்டு பேரும் சேர்ந்து ஏணி ஏறுவதை, நான் ஒருத்தியை மட்டும் வைத்துக்கொண்டு அளந்திருக்கிறேன். பூங்கொடி சிரித்த சிரிப்பில் கட்டில் கிரீச்சிட்டது டேப்பில் இன்னும் இருக்கிறது. அதையும் வெட்டவில்லை.

எல்லாம் பாடி முடித்து வெற்றிலைத் தட்டை எடுக்கப் போகும்போது ராமாத்தாள் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"பொட்டியத் தட்டுற பாட்டுக்காரரே – உங்க
பொழப்பு நல்லாத்தா இருக்குதுங்க – எங்க
பாட்டுக்குக் கத்திரி வச்சவரே – உங்க
மீசைக்கு ஆருங்க வைப்பாங்க?"

வந்திருந்த ஒறம்பரை, சொந்தக்காரச் சனமெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தது. "பதிலுங்க?" என்று கேட்டுக் கைதட்டிக்கொண்டே காத்திருக்கிறார் ராமாத்தாள். டேப் ஓடுகிறது. எனக்கு ஒரு அடி வரவில்லை. ஆயிரம் பாட்டுக்கு வாசித்தவன் வாயடைத்து நிற்கிறேன். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. அதுவரைக்கும் அந்தக் குரல் பாடி நான் கேட்டதில்லை. பாடச் சொல்லிக் கேட்டதும் இல்லை.

"மீசைக்குக் கத்திரி வேண்டாமுங்க – அது
மொளைச்சதே என்னக் கேட்டுத்தானுங்க – இவுரு
வெட்டுன பாட்ட நா எழுதிவச்சேன் – இவுர
வெட்டாம உட்டதே பெருசுங்க!"

உன் அம்மா! ராமாத்தாள் எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டார். பிறகு பூங்கொடியின் பக்கம் திரும்பி, "அம்மணி, உங்கொம்மாள ஒம்பதாம் மாசம் சோத்தக் கட்டிட்டு வரச் சொல்லு. பணியாரம் மட்டும் வேண்டாம், பல்லு போயிரும்" என்றார். நாற்பது நாளைக்குப் பிறகு அந்தப் பெண்ணிடம் பேசிய முதல் பேச்சு. பூங்கொடி சிரித்துக்கொண்டே அழுதாள். மயிலாத்தாள் வெற்றிலை மடித்து முதலில் சம்பந்தி வாயில் வைத்துவிட்டுப் பிறகுதான் தான் போட்டுக்கொண்டார். கட்டுச்சோற்றுக்கு நாமும் போனோம், பன்னிரண்டு வகைச் சோறு. பெண் குழந்தை பிறந்தது. புதிய கேசட்டில் முதல் பக்கம் பெண் வீடு, மறுபக்கம் மாப்பிள்ளை வீடு. அட்டையில் இரண்டு சம்பந்திகள் படமும் ஒரே அளவு. என் படம் இல்லை. பாட்டுப் புத்தகம் உன் அம்மாவின் நோட்டைப் போலவே, எதிரெதிர்ப் பக்கமாக அச்சானது.

இப்போது உன் கல்யாணத்துக்கு வருகிறேன். நித்யா வீட்டார் தப்பாக எடுத்துக்கொள்வார்கள் என்கிறாய். நம் பக்கம் மட்டும் பாடினால் எடுத்துக்கொள்ளத்தான் செய்வார்கள், எடுத்துக்கொள்ளவும் வேண்டும். ஆனால் முதல் பாட்டு அவர்களுடையதாக இருக்கட்டுமே. திருநெல்வேலியில் கேலி செய்யத் தெரியாதவர்களா இருக்கிறார்கள்? அல்வாவைப் பற்றி ராமாத்தாள் இப்போதே இரண்டு பாட்டுக் கட்டி வைத்திருக்கிறார் என்று கேள்வி. இருந்தாலும் நீங்கள் இரண்டு பேரும் பேசி வேண்டாம் என்றால் வேண்டாம். இந்தத் தடவை நான் சொல்லும் "சரி" நிஜமான சரி.

புத்திமதி என்று ஒன்றுதான் இருக்கிறது. நித்யா பேசும்போது ஹெட்போனைக் கழற்றி வை. அவள் குரல் உயர்ந்தால் சுருதி விலகிவிட்டது என்று நினைக்காதே. நீ எந்த இடத்தில் விட்டாய் என்று பார். இது எனக்கு நாற்பத்தாறு வயதில் தெரிந்தது. உனக்கு இருபத்துநான்கிலேயே தெரியட்டும்.

போனில் இன்னொன்றும் சொன்னாய். இனிமேல் சிடி காலம், நம் கேசட்டையெல்லாம் சிடியில் மாற்ற வேண்டும் என்றாய். ஒன்றை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், அதற்கு ஒரு பக்கம்தான் பாட்டு இருக்கிறது. மாற்றலாம், நல்லதுதான். ஆனால் இந்தக் கடிதத்தை நான் பழைய முறையில் எழுதியிருக்கிறேன். தாள்களைத் திருப்பிப் பார். ஒவ்வொன்றிலும் முன்பக்கம் மட்டும்தான் எழுதியிருக்கிறேன். பின்பக்கம் எல்லாம் உனக்கு. பதினொன்றாம் வகுப்பிலிருந்து நீ "சரீங்கப்பா" என்று விழுங்கியதையெல்லாம் அதில் எழுதி இதே தாளைத் திருப்பி அனுப்பு. ஏசலாகவே இருக்கட்டும். ஒரு அடி வெட்ட மாட்டேன்.

அதுவரைக்கும் வாயை மூடிக்கொண்டு காத்திருக்கிறேன்.

அப்பா